யாரும் ஒடிக்காத மரம்

கையில் கம்பளி உறை. உடம்பில் கறுப்புக் கோட்டு. தலையில் காதை மூடும் குல்லாய். இடுப்புக்குக் கீழே நாலு முழ வேட்டி. தோளில் கொடுவாள். என் அப்பா கிறிஸ்துமஸ் மரம் வெட்டப் புறப்படுகிற கோலம் இது.

கொல்லிமலையில் மார்கழிக் குளிர் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெயில் ஏறியதும் ஓடிவிடுகிற குளிர் அது. அப்பா வெயில் ஏறிய பிறகுதான் கிளம்புவார். கோட்டுக்குள் வியர்வை ஊற்றும், உறைக்குள் விரல்கள் வெந்துபோகும். ஆனாலும் கழற்ற மாட்டார். படத்தில் இருந்த மனிதர் கழற்றவில்லையே!

படம் என்றது, சீமையிலிருந்து மிஷன் பெட்டியில் வந்த ஒரு வாழ்த்து அட்டை. ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் பனியில் மரத்தைக் கயிறு கட்டி இழுத்து வருகிறார். மரத்தின் மேல் ஒரு பையன் குதிரை ஏறினவனைப்போல் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் ஒரு பெண் குழந்தை கைகொட்டிச் சிரிக்கிறாள். அட்டையை அப்பா வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் வழக்கம் அத்தனையும் வந்தது அட்டையிலிருந்து. புத்தகத்திலிருந்து அல்ல.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி சாமுவுக்கு மூன்று. படத்தின்படி நான் கைகொட்டிச் சிரிக்க வேண்டும். சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடி விழும்.

இந்தத் தொடரைப் படித்துவிட்டு இரண்டு பெரியவர்கள், "பெற்ற தகப்பனை இப்படியா ஏளனம் செய்வது?" என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்த வாரமும் போடுவார்கள். போடட்டும். கடைசி வரை படித்துவிட்டுப் போடட்டும்.

பஞ்சில் பெய்த பனி

அப்பா சேந்தமங்கலத்துப் பக்கத்துக்காரர். முதல் உலகச் சண்டை முடிந்த கொஞ்ச வருஷத்தில் மிஷன் அவரை மலைக்கு அனுப்பியது. எடப்புளி நாட்டில் ஓர் ஓலைக் கூரைப் பள்ளிக்கூடம், அதை ஒட்டி எங்கள் வீடு. வாரத்தில் ஆறு நாள் வாத்தியார், ஏழாம் நாள் உபதேசியார். அன்றைக்கு ரோடு கிடையாது. இன்று லாரி வளைந்து வளைந்து ஏறுகிறதே, அந்த மலையில் புளியஞ்சோலைப் பக்கமிருந்து கால்நடையாக ஏற வேண்டும். துரைமார் மட்டும் டோலியில் வருவார்கள்.

அப்பாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. உபதேசியார் என்ற பேர் போய் ஐயர் என்று பேர் வர வேண்டும். குருப்பட்டம் வாங்கி வெள்ளை அங்கி போட வேண்டும். அதைக் கொடுக்கிறவர் கீழே சேலத்தில் இருந்த பெரிய துரை. ஆகவே எங்கள் வீட்டில் சாப்பிடுவது, உட்காருவது, தும்முவது எல்லாமே, துரை பார்த்தால் என்ன நினைப்பார் என்ற கணக்கில்தான் நடந்தது.

மரத்துக்கு நகைகள் உண்டு. ஏழு கண்ணாடிக் குண்டுகள், தகரத்தில் ஒரு நட்சத்திரம், மெழுகுவத்திகள். பனிக்கு என்ன செய்வது? கொல்லிமலையில் பனி பெய்து யார் கண்டார்கள்? அப்பா மருந்துப் பெட்டியைத் திறந்து, புண்ணுக்குக் கட்டுகிற பஞ்சை எடுத்துக் கிளை கிளையாக ஒட்டுவார். நாலு வயதில் நான், "மரத்துக்கு எங்கப்பா அடிபட்டுது?" என்று கேட்டேனாம். அன்றைக்கும் அடி எனக்குத்தான் பட்டது. ஜனவரியில் எவனாவது காலை வெட்டிக்கொண்டு வந்தால் பெட்டியில் பஞ்சு இருக்காது. வேட்டியைக் கிழித்துக் கட்டி அனுப்புவார்.

ஊர்க்காரர்கள் மரத்தைப் பார்க்க வருவார்கள். மரியாதை தெரிந்த ஜனங்கள். வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஒரு சீப்பு மலைவாழைப்பழம், கொஞ்சம் தேன், ஒரு பிடி மிளகு என்று கொண்டுவந்து மரத்தின் அடியில் வைத்துக் கும்பிடுவார்கள். அப்பா பதறிப்போய்க் கும்பிட்ட கையை இறக்கச் சொல்வார். பழத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வார்.

எங்களுக்கு அடுத்த கேழ்வரகுக் காட்டுக்காரி சீரங்காயி. அம்மாவுக்கு ஒத்த வயது. வாயில் வெற்றிலை, மனசில் ஒளிவுமறைவு கிடையாது. ஒரு வருஷம் அவள் மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்க சாமி இந்த மரத்துல எத்தன நாளைக்கு இருக்குமுங்க?"

"இது சாமி இல்ல சீரங்காயி. அலங்காரம்."

"அப்பறம் எதுக்குங்க சுத்தி நின்னு பாட்டுப் படிக்கறீங்க?"

"அது சந்தோசத்துக்கு."

"நாங்களும் சந்தோசத்துக்குத்தானுங்க சுத்தறோம். நாங்க நிக்கற மரத்தச் சுத்தறோம். நீங்க வெட்டிப்போட்டுட்டுச் சுத்தறீங்க. அவ்வளவுதானுங்களே?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மரத்தையும் கல்லையும் வணங்குகிறவர்களுக்கு வரப்போகும் கதியைப் பற்றி வெகு நேரம் பிரசங்கம் செய்தார். அவருக்குப் பின்னால் மரம், பஞ்சு எல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றது. சீரங்காயி கேட்க வரவில்லை. அவளுக்குக் காட்டில் வேலை இருந்தது.

வருஷத்துக்கு ஒரு சண்டை

அப்பா மரம் வெட்டிய சரித்திரமே ஊரோடு சண்டை போட்ட சரித்திரம்தான்.

முதல் வருஷம் கோயில் காட்டுக்குள் புகுந்து ஓர் இளமரத்தை வெட்டிவிட்டார். அந்தக் காட்டில் சுள்ளி பொறுக்கக்கூட ஊர்க்காரர்கள் போக மாட்டார்கள். ஊரே திரண்டு வந்து வாசலில் நின்றது. சத்தம் போடவில்லை, சும்மா நின்றது. அம்மா போய் மன்னிப்புக் கேட்டாள். அப்பா அதை விசுவாசத்துக்கு வந்த சோதனை என்று துரைக்கு எழுதினார்.

அடுத்த வருஷம் ஒரு குடியானவனுடைய காட்டு ஓரத்தில் வெட்டினார். அந்த மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கொடியை ஏற்றிக் காய்ப்புக்குக் கொண்டுவரப் பாவம் அந்த மனுஷன் எத்தனை வருஷம் காத்திருந்தானோ. "வெட்டாதீங்க, வெட்டாதீங்க" என்று சரிவில் இறங்கி ஓடிவந்தான். வந்து சேருவதற்குள் மரம் சாய்ந்துவிட்டது.

இப்படியே போனதில் அப்பாவுக்கு ஒரு முடிவு ஏற்பட்டுவிட்டது. "வெட்டாதீங்க" என்று மலையில் எவன் சொன்னாலும் அது சாத்தான் சொல்வது. காது கொடுக்கக் கூடாது. சத்தமாகப் பாட வேண்டும்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் பெரிய துரையே கிறிஸ்துமஸுக்கு மலையேறி வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். வேலையைப் பார்த்து, ஜனங்களைப் பார்த்து, அதன் பிறகு குருப்பட்டத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை அப்பா தினமும் ஜெபத்துக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் படித்தார். மரம் சாதாரண மரமாக இருக்கலாமா?

தோமாவோடு பிறந்தவள்

பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பாவும் நானும் சாமுவும் புறப்பட்டோம். பாதையோரம் இருந்த மரமெல்லாம் மொட்டை. ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, பந்தலுக்குக் கொம்பு என்று ஊர் அதனதன் தேவைக்கு ஒடித்திருந்தது. சீரங்காயியின் கேழ்வரகுக் காட்டுக்குக் கீழே மட்டும் ஒரு மரம் தனியாக நின்றது. ஒன்றரை ஆள் உயரம். அடி முதல் நுனி வரை கிளை. கையகல இலை. ஒரு சுள்ளிகூட ஒடிபடவில்லை. சுற்றிலும் யாருடைய கால்தடமும் இல்லை.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா ரூத்து! ஊர்ல இருக்கற மரத்தையெல்லாம் மொட்டையடிச்சவனுங்க, இதுல ஒரு எலையக்கூடத் தொடல. கர்த்தர் நமக்குன்னே காத்து வச்சிருக்காரு."

"ஏம்ப்பா ஒருத்தருமே தொடல?" என்று கேட்டேன்.

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அப்பா திரும்பிப் பார்த்தார். "தோமாவோட பொறந்தவளா நீ? எதுக்கெடுத்தாலும் சந்தேகம். இந்த வருசம் நீ மரத்துக்கிட்ட வரக்கூடாது. பத்தடி தள்ளி நட. ஊட்டுக்குப் போயிப் பள்ளிக்கூடப் படியில உக்காந்து வசனம் எழுது."

அழுதுகொண்டே தள்ளி நின்றேன். கொடுவாள் விழுந்தது. மேலே காட்டிலிருந்து சீரங்காயியின் குரல் கேட்டது.

"ஏனுங்க வாத்தியாரே! அந்த மரம் வேண்டாமுங்க! கையி வெக்காதீங்க!"

"வருசா வருசம் இதே பாட்டுத்தான்" என்று அப்பா முணுமுணுத்துவிட்டு, தன் பாட்டை உரக்க எடுத்தார். அவள் கத்தக் கத்த இவர் சுருதி ஏறியது. அடிமரத்தில் வெட்டின இடத்தில் பால் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுத்துப்போனது. அப்பா அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மரத்தைக் கயிறு கட்டி இழுத்தார். படத்தில் உள்ளபடி சாமுவைத் தூக்கி மரத்தின் மேல் உட்கார வைத்தார். சாமு இடுப்பு வரை சட்டை போட்டிருந்தான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த வயதில் மலையில் யாருக்கும் இல்லை. குதிரை ஓட்டுகிற சந்தோஷத்தில் அடிமரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வந்தான். கைகொட்டிச் சிரிக்கிற ஆள் மட்டும் அந்த வருஷம் பத்தடி பின்னால் அழுதுகொண்டு வந்தது.

வீட்டில் அம்மா கீழ்க்கிளைகளைக் கையாலேயே ஒடித்து மரத்தைச் சீர்செய்தாள். அடியைச் செதுக்கின சிராய்களை அடுப்பில் போடச் சொன்னார் அப்பா. சிக்கனம் தேவ கட்டளை. துரைக்காக அச்சு முறுக்கு சுட வேண்டியிருந்தது. அம்மா அந்தப் புகையில் பொழுது சாயும் வரை உட்கார்ந்து சுட்டாள். சாமு அவள் மடியில் படுத்திருந்தான். நான் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து, சந்தேகப்படாதே என்று பொருள் வரும் வசனத்தை ஐம்பது தடவை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஐம்பது தடவைதான் என்னைக் காப்பாற்றியது.

ஊட்டுக்குள் வந்தது என்ன?

மறுநாள் அரிப்பு. அதற்கு மறுநாள், பண்டிகைக்கு முதல் நாள் காலையில், அம்மாவுக்குக் கண் இல்லை. முகம் முழுதும் வீங்கி, இமை இரண்டும் ஒட்டிப்போய், மூக்கு எங்கே கன்னம் எங்கே என்று தெரியவில்லை. கையெல்லாம் கொப்புளம். சாமு அதைவிட மோசம். தொடையும் பிட்டமும் வெந்த மாதிரி தோல் உரிந்திருந்தது. உதடு தடித்து வாய் மூடவில்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு சங்கு பால் உள்ளே போகவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்கு? இரண்டு விரல் நுனி மட்டும் புடைத்திருந்தது. கம்பளி உறையும் கோட்டும் அவரை அப்படிப் பாதுகாத்திருந்தன. "ஏதோ பூச்சி" என்று சொல்லி மிஷன் களிம்பைத் தடவினார்.

சந்தைக்கு மூட்டை இறக்கிவிட்டு அன்று காலையில்தான் திரும்பியிருந்த சீரங்காயி, கேழ்வரகு மாவு கொடுக்க வந்தாள். நடுவீட்டில் நட்டு வைத்திருந்த மரத்தைப் பார்த்தாள். கையிலிருந்த முறத்தை அப்படியே வாசலில் வைத்துவிட்டாள்.

"அடக் கெரகமே! சேரான் மரத்தக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள நட்டு வச்சிருக்கீங்களே! மழ பேஞ்சாக்கூட இதுங்கீழ ஒருத்தரும் ஒதுங்க மாட்டோமுங்களே!"

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் அப்பா.

"தொண்ட கிழியக் கத்துனேனுங்க. நீங்க பாட்டுப் படிச்சீங்க. படிச்ச மனுசன், ஏதோ மருந்துக்குத் தெரிஞ்சுதான் வெட்டறாரோன்னு நெனச்சுட்டேன்."

சேராங்கொட்டை தெரியாதவர் யார்? வண்ணான் துணிக்குக் குறி போடுகிற கொட்டை. அப்பாவின் சட்டைக் காலரிலேயே அந்தக் கொட்டையின் மையில் மூன்று புள்ளி இருந்தது. தினமும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவருக்கு மரம் தெரியவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையைக் கேட்டிருக்கிறேன். விட்டுக்கொண்டவனுக்கு ஒன்றும் ஆகாமல் பெண்டாட்டி பிள்ளையைக் கடித்த கதை இது ஒன்றுதான்.

சீரங்காயி மரத்தைத் திட்டிக்கொண்டே வைத்தியத்தையும் சொன்னாள். சேரான் பட்டால் தான்றி மரத்துக்குப் போக வேண்டும். மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு நூலைக் கட்டி, சேரான் செய்த தப்பைத் தான்றி பொறுக்கணும் என்று கேட்டுக்கொண்டு, அதன் பட்டையையும் தழையையும் கொதிக்க வைத்த தண்ணீரில் குளிக்க வேண்டும். மலையில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். அவள் வீட்டுக்குப் பக்கத்தில், பாதைத் திருப்பத்தில் அந்த மரம் நின்றது.

"இப்பவே வாங்க அம்மிணி. கொழந்தைக்கு நாக்கு உலந்து போச்சு."

அப்பா குறுக்கே வந்து நின்றார். "மரத்தச் சுத்தறதா? என் சம்சாரமா? அதுவும் இன்னைக்கா? மத்தியானம் துரை வாராரு. ரெண்டு நாளு பொறு எஸ்தரு. அவர் போகட்டும், சேலத்துக்கே கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாக்கறேன்."

"இவன் ரெண்டு நாளுத் தாங்குவானாங்க?" என்றாள் அம்மா. கண் தெரியாததால் அவர் நின்ற பக்கம் பார்த்துக் கேட்கவில்லை. மரம் நின்ற பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"ஜெபம் பண்ணலாம்" என்றார் அப்பா.

அப்புறம் அவர் என்ன செய்தார் தெரியுமா? மரத்தைத் தூக்கி எறிந்தாரா? அதுதான் இல்லை. இவ்வளவு நல்ல மரத்தைத் துரை பார்க்க வேண்டாமா? நாலு குச்சி நட்டு மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார், யாரும் கிட்டே போகாதபடி. கம்பளி உறையை மாட்டிக்கொண்டு துரையை எதிர்கொள்ளப் பாதையில் இறங்கிப் போனார்.

அவர் காலடி ஓய்ந்ததும் அம்மா சொன்னாள். "ரூத்து, கையப் புடி."

ஒரு சுற்று பாக்கி

சீரங்காயி முதலில் அம்மாவின் சேலையை அவிழ்க்கச் சொன்னாள். அதிலும் பால் பட்டிருக்குமாம். தன் பழைய சேலையை எடுத்து, மலைப் பெண்கள் கட்டுகிற மாதிரி ரவிக்கை இல்லாமல் தோளில் முடிச்சிட்டுக் கட்டிவிட்டாள். சாமுவை அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறு கையை நான் பிடித்திருந்தேன்.

தான்றி பெரிய மரம். அடியில் வேர் புடைத்துக் கிடந்தது. சீரங்காயி முன்னால் நடக்க, நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒரு சுற்று முடிந்தது. அம்மாவுக்கு வேர் தடுக்கியது. "மெதுவா சாமி, மெதுவா" என்றாள் சீரங்காயி. இரண்டாவது சுற்று முடியும்போது பாதையில் டோலிக்காரர்களின் சத்தம் கேட்டது. துரை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

டோலிக்குப் பக்கத்தில் அப்பா. எங்களைப் பார்த்துவிட்டார். என் முகம் வீங்கவில்லை, துரைக்கு என்னைத் தெரியும். அப்பா தலையை லேசாக ஆட்டினார். போ, ஒளிந்துகொள் என்று அர்த்தம்.

நான் அம்மாவின் கையை விட்டேன்.

மரத்துக்குப் பின்னால் போய் வேருக்குள் குந்திக்கொண்டேன். அப்பாவை எழுபது வரி ஏளனம் செய்தாயே, நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் இதுதான் பதில். அம்மா காற்றில் கையை நீட்டித் துழாவினாள். "ரூத்து?" என்றாள். தடித்த உதட்டில் பேர் சரியாக வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

டோலி நின்றது. துரை எட்டிப் பார்த்தார். அவருடைய தமிழ் வேதப்புத்தகத் தமிழ்.

"மரத்தைச் சுற்றுகிற இந்த ஸ்திரீ யார்?"

"மலை ஜனங்கள், துரையவர்களே. இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர்கள்."

"மிகவும் வியாதியாயிருக்கிறாளே. இவள் நாமம் என்ன?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "தெரியாது" என்றார்.

டோலி தூக்கின நாலு பேரும் எங்கள் ஊர்க்காரர்கள். அம்மாவைத் தெரியாதவர் அதில் ஒருவரும் இல்லை. நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். சீரங்காயிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏனுங்க வாத்தியாரே..." என்று ஆரம்பித்தாள்.

"உடு சீரங்காயி" என்றாள் அம்மா மெதுவாக. "இன்னும் ஒரு சுத்துப் பாக்கி இருக்குது."

துரை இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே தொப்பியை எடுத்துவிட்டு, இருளில் கிடக்கும் இந்த ஏழை ஸ்திரீக்காகவும் அவள் பாலகனுக்காகவும் ஜெபம் செய்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஜெபம் முடிந்ததும், "ஆமென்" என்று ஒரு குரல் கேட்டது. அப்பாவுடையது அல்ல. அம்மா சொன்னாள். பழக்கத்தில் வந்ததோ, வேண்டுமென்று சொன்னாளோ, கடைசிவரை நான் கேட்கவில்லை.

துரைக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "உபதேசியாரே! இவள் ஆமென் என்கிறாள்! ஞானஸ்நானம் பெறாத ஸ்திரீ ஆமென் என்கிறாள்!" என்று அப்பாவின் தோளைத் தட்டினார். அப்பாவின் கையுறையைப் பார்த்து, தங்கள் ஊர் அம்மாமார் பின்னியது என்று அடையாளம் கண்டு அதற்கும் சந்தோஷப்பட்டார். டோலி போயிற்று.

சீரங்காயி பாதையைப் பார்த்து வெற்றிலை எச்சிலைத் துப்பினாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து மூன்றாவது சுற்றைச் சுற்றினாள். நான் எழுந்து பின்னால் போனேன்.

சாமு சாயங்காலம் நாலு சங்கு பால் குடித்தான். வாரம் பத்து நாளில் இருவருக்கும் தோல் ஆறிவிட்டது. மரம் ஆற்றியதா, பட்டைத் தண்ணீர் ஆற்றியதா, சும்மா விட்டாலே ஆறியிருக்குமா, எனக்குத் தெரியாது. ஜெபம் ஆற்றியது என்று துரை எழுதினார். சீரங்காயி வீட்டில் நாங்கள் மூவரும் இரண்டு நாள் கிடந்தோம். தன் சம்சாரம் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா துரையிடம் சொல்லியிருந்தார்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் ஆவலாகக் கேட்பது ஒன்று உண்டு. துரை அந்த மரத்தைத் தொட்டாரா? தொடவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்று, நேர்த்தியான மரம் என்று சொல்லிவிட்டு அச்சு முறுக்கைத் தின்றார். மலையில் அவர் எதையும் தொட்டதில்லை.

கடைசிப் பாய்

ஆமென் சொன்ன ஸ்திரீயைப் பற்றிச் சீமைக்கு அறிக்கை போயிற்று. அது அங்கே அச்சில் வந்ததாம். அறுவடை முற்றிய இடத்தில் உபதேசியாரை மட்டும் வைத்திருக்கலாமா? மாம்பழக் காலத்துக்குள் அப்பாவுக்குக் குருப்பட்டம் வந்துவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஆராதனை நடந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு முன்னால் பாய். பெறாதவர்களுக்குக் கடைசியில், கதவோரம் ஒரு பாய். முன்பாயில் நானும் சாமுவும் புதுத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாவைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். கதவோரப் பாயில் சீரங்காயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

புது அங்கியில் அப்பா நின்றார். துரை கூட்டத்தைப் பார்த்து, "ஐயரம்மாள் முன்னே வரலாம்" என்றார்.

அம்மா எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை.

"நான் இன்னும் ஞானஸ்நானம் வாங்கலீங்க. எம் பேருகூட ஐயருக்குத் தெரியாதுங்க. ஆமென் மட்டுந்தான் சொல்லத் தெரியும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். டோலி தூக்கின நாலு பேரில் யாரோ இருமினார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சு துரைக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "என்ன சொல்லுகிறாள்?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "தாழ்மையாயிருக்க விரும்புகிறாள்" என்றார்.

"மிகவும் நல்லது" என்றார் துரை.

அம்மா வீட்டில் எதையும் மாற்றவில்லை. அப்பாவுக்குச் சோறு போட்டாள், அங்கியைத் துவைத்து மடித்தாள், நோய் வந்தால் பக்கத்தில் இருந்தாள். ஒரு சண்டை கிடையாது. மரம் வெட்டுகிற வழக்கமும் யாரும் சொல்லாமலே நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் கதவோரப் பாயில் உட்கார்ந்தாள். சாகிறவரை அங்கேதான். அப்பா அந்த அறையில் எந்தப் பக்கம் திரும்பி நின்று பிரசங்கம் செய்தாலும் கதவு தெரியும்.

முன்பாயிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. பதினைந்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டுக்கு நடுவில், எல்லாரும் பார்க்க நடந்து போய் உட்கார்ந்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"தள்ளி உக்காரு. காத்து மறைக்குது" என்றாள்.